கயலுக்கு, கன்ட்ரோலர் விஷயமாக

பெங்களூரு,
ஞாயிறு மாலை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். இரண்டு டெக்கும் ஒன்றாக ஓட, நீ கிராஸ்ஃபேடரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாய். பின்னால் அம்மா "சத்தத்தைக் குறைடி" என்பதும் கேட்கிறது. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், எழுதி அனுப்பு, லேப்டாப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்கிறேன் என்றாயே, அதற்காகத்தான் இது. நீளமாகப் போகும். டீ போட்டுக்கொண்டு உட்கார்.

நீ வாங்கிய டிடிஜே-400 கன்ட்ரோலர் பழைய மாடல் ஆயிற்றே, ஏமாந்துவிட்டேனா என்று கேட்டிருந்தாய். ஏமாறவில்லை. 2018-இல் வந்த கருவிதான், அதன் இடத்துக்கு எஃப்எல்எக்ஸ்4 வந்துவிட்டதும் உண்மைதான். ஆனால் கற்றுக்கொள்கிறவளுக்கு வேண்டியது எல்லாம் இதில் இருக்கிறது. சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது, ஹெட்போனுக்குத் தனி வழி இருக்கிறது, யூஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். விற்றவர் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே சாப்ட்வேரைப் போட்டுக்கோ என்று சொன்னாராம். உன் லேப்டாப்பில் ஓடுவது உபுண்டு, அதில் ரெக்கார்ட்பாக்ஸ் வராது. அதற்காக விண்டோஸ் போட வேண்டாம். மிக்ஸ் என்ற சாப்ட்வேர் போதும். எக்ஸ் மூன்று போட்டு எழுதுவார்கள், தேடும்போது கவனி. டென்மார்க்கில் ஒரு ஆராய்ச்சி மாணவர் 2001-இல் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுகிறார்கள். காசு கிடையாது. உன் கன்ட்ரோலருக்கான மேப்பிங்கும் அதோடேயே வருகிறது, 2.3-லிருந்தே. எந்தப் பட்டன் எந்த வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் ஃபைலைத்தான் மேப்பிங் என்கிறோம்.

அந்த மேப்பிங்கை இப்போதே பிரித்து மேய வேண்டும் என்று உனக்குக் கை துறுதுறுக்கும். தெரியும். கொஞ்சம் பொறு. முதல் இரண்டு மூன்று வாரம் வந்தபடியே வைத்து வாசி. பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொள். கன்ட்ரோலரை விட்டுவிட்டு மவுஸுக்குக் கை போகும் ஒவ்வொரு தடவையும் எதற்காகப் போனது என்று ஒரு வரி எழுது. ஒரு பட்டனைத் தப்பாக அமுக்கினாலும் எழுது. அந்தத் தாளில் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் மாற்றினால் போதும். யூடியூபில் ஒருத்தர் எட்டு பேடிலும் எட்டு எஃபெக்ட் போட்டிருக்கிறார் என்று நீயும் போட்டால், மீனா கல்யாண மண்டபத்தில் எது எங்கே என்று உனக்கே தெரியாது.

வாசிக்கத் தொடங்கும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. செட்டிங்ஸில் சவுண்ட் ஹார்ட்வேர் போய், மெயின் அவுட்புட்டுக்கு டிடிஜே-400, சேனல் 1-2 கொடு. ஹெட்போனுக்கும் அதே கருவி, சேனல் 3-4. இரண்டும் தனித்தனிச் சேனலில் இருந்தால்தான் நீ காதில் ரகசியமாகக் கேட்கும் அடுத்த பாட்டு ஸ்பீக்கரில் கேட்காது. ஆடியோ பஃபரை 23 மில்லி செகண்ட் பக்கத்தில் வை. பட்டன் அமுக்கி சத்தம் வரத் தாமதம் தெரிந்தால் ஒரு படி இறக்கு, படபடவென்று வெடித்தால் ஒரு படி ஏற்று. உன் லேப்டாப்புக்கு 23 சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். க்யூ மோடைப் பயனியர் என்று மாற்றிவிடு, கருவியில் பழகுகிற பழக்கமும் திரையில் நடப்பதும் ஒத்துப்போகும். டெம்போ ஸ்லைடரை உன் பக்கம் இழுத்தால் வேகம் கூட வேண்டும், அதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள். ஓடுகிற டெக்கில் புதுப் பாட்டை ஏற்ற முடியாதபடி ஒரு செட்டிங் இருக்கிறது, அதை நிராகரி என்பதிலேயே வை. கல்யாண வீட்டில் யாராவது வந்து "இதைப் போடும்மா" என்று டிராக்கை நேராக ஓடுகிற பாட்டின் மேலேயே இழுத்துப் போடுவார்கள்.

டெம்போ ஸ்லைடரில் இன்னொன்று. சிங்க் பட்டனை அமுக்கினாய் என்றால் சாப்ட்வேர் தானாக வேகத்தை மாற்றிவிடும், ஆனால் கையில் இருக்கும் ஸ்லைடர் பழைய இடத்திலேயே நிற்கும். அப்புறம் நீ அதை லேசாகத் தொட்டாலும் பாட்டு தூக்கிவாரிப்போட்ட மாதிரி குதிக்கும். சாஃப்ட் டேக்ஓவர் என்று ஒரு தெரிவு இதற்காகவே உண்டு. ஸ்லைடர் உண்மையான மதிப்பைத் தொடும்வரை சாப்ட்வேர் அதைக் கண்டுகொள்ளாது. மேப்பிங்கில் அந்த ஸ்லைடருக்கு அது போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள். மலிவான கன்ட்ரோலர்கள் சிலவற்றில் ஸ்லைடர் 128 படியோடு நின்றுவிடும். எட்டு சதவீதம் மேலும் கீழும் என்று வைத்தால் ஒரு படிக்கு 0.126 சதவீதம் வரும், இரண்டு பாட்டைக் காதால் ஒட்டவைப்பது நரகம். உன்னுடையது இரண்டு எண்ணாகச் சேர்த்து அனுப்பும் வகை, 16,384 படி. இந்த ஒரு காரணத்துக்காகவே பழையதானாலும் இதை வாங்கியது நல்லது என்பேன்.

சரி, தாள் நிரம்பியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது மேப்பிங்குக்கு வரலாம்.

மிக்ஸோடு வந்த ஃபைலில் கை வைக்காதே. அடுத்த அப்டேட்டில் நீ எழுதியதெல்லாம் போய்விடும். கன்ட்ரோலர் செட்டிங்ஸில் உன் சொந்த மேப்பிங் ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கிறது. இரண்டு ஃபைலையும், அதாவது எக்ஸ்எம்எல் ஒன்று, ஜாவாஸ்கிரிப்ட் ஒன்று, அங்கே காப்பி பண்ணி உன் பெயரில் சேமி. எக்ஸ்எம்எல்லுக்குள் மேலே இருக்கும் பெயரையும் மாற்று, இல்லையென்றால் பட்டியலில் இரண்டும் ஒரே பெயரில் நின்று உன்னைக் குழப்பும். ஸ்கிரிப்ட் ஃபைல் பெயரை மாற்றினால் எக்ஸ்எம்எல்லில் அதைக் கூப்பிடும் இடத்திலும் மாற்ற வேண்டும்.

உள்ளே நடப்பது ரொம்ப எளிது. இடது டெக்கின் ப்ளே பட்டனை அமுக்கினால் கன்ட்ரோலர் மூன்று எண்ணை அனுப்புகிறது: 144, 11, 127. 144 என்றால் முதல் சேனலில் ஒரு பட்டன், 11 என்றால் ப்ளே, 127 என்றால் அமுங்கியிருக்கிறது. விரலை எடுத்தால் 144, 11, 0. வலது டெக் என்றால் 145. அவ்வளவுதான். 1983-லிருந்து கீபோர்டும் டிரம் மெஷினும் பேசிக்கொண்டிருக்கும் அதே மிடி பாஷை. ஃபைலில் இந்த எண்களை ஹெக்ஸ் கணக்கில் எழுதியிருப்பார்கள், பார்த்துப் பயப்படாதே. ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ப்ளேயை அமுக்கினால் 11-க்குப் பதிலாக 71 வரும். ஆக, ஷிஃப்ட் பிடித்திருக்கிறோமா என்று நீ ஸ்கிரிப்டில் கணக்கு வைக்கத் தேவையில்லை. கருவியே வேறு எண் அனுப்பிவிடுகிறது.

நீ முதலில் செய்ய வேண்டிய மாற்றம் என்று நான் நினைப்பது இது: கூட்டத்துக்குக் கேட்டுக்கொண்டிருக்கும் பாட்டை ப்ளே பட்டன் நிறுத்தக் கூடாது. பரபரப்பில் அடுத்த பாட்டைத் தொடங்குகிறேன் என்று ஓடுகிற டெக்கின் ப்ளேயை அமுக்கிவிடுவது எல்லோருக்கும் நடப்பதுதான். மண்டபமே சட்டென்று ஊமையாகி, எல்லாத் தலையும் உன் பக்கம் திரும்பும். அதனால் ப்ளேக்கு எதிரே "ப்ளே" என்று நேராக எழுதியிருக்கும் இடத்தில் நீ எழுதும் ஃபங்ஷனின் பெயரைப் போட்டு, அதன் வகையைச் சாதாரணம் என்பதிலிருந்து ஸ்கிரிப்ட் என்று மாற்று. ஃபங்ஷனுக்குள் வேலை இரண்டே. டெக் ஓடவில்லை என்றால் ஓட்டு. ஓடிக்கொண்டிருந்து, அந்தச் சேனலின் ஃபேடரும் கீழே இறங்கியிருந்தால் நிறுத்து. வேறு எந்த நிலைமையிலும் சும்மா இரு. ஃபேடர் கீழே இருக்கும்போது நிறுத்த விடுவது எதற்கென்றால், ஹெட்போனில் அடுத்த பாட்டைத் தயார் பண்ணும்போது நீ பத்துத் தடவை ஓட்டி நிறுத்துவாய். உண்மையிலேயே நிறுத்தத்தான் வேண்டுமென்றால் 71-ஐ நேராக ப்ளேக்குக் கட்டிவிடு. அந்த 71-க்கு ஏற்கெனவே வேறு வேலை எழுதியிருந்தால் அதை எடுத்துவிட்டுச் செய். பட்டன் விளக்கு இதனால் கெடாது, விளக்குக்கான வரிகள் ஃபைலின் இன்னொரு பகுதியில் தனியாக இருக்கின்றன.

ஒரு பொறி இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். ஃபங்ஷனுக்குள் நுழைந்ததும் மூன்றாவது எண் 0 என்றால் திரும்பிப் போ என்று முதல் வரியில் எழுது. எழுதாவிட்டால் அமுக்கும்போது ஒரு தடவை, விடும்போது ஒரு தடவை என்று எல்லாம் இரண்டு முறை நடக்கும். ஃபேடர் கீழே இருந்தால், ஓட ஆரம்பித்த பாட்டு விரலை எடுத்ததும் நிற்கும். நீ கன்ட்ரோலர்தான் பழுது என்று நினைப்பாய்.

சக்கரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய், ரொம்ப விறைப்பாக இருக்கிறது என்று. நடு எண் 64, வலப்பக்கம் திருப்பினால் 65, 66, இடப்பக்கம் 63, 62 என்று வருகிறது. ஸ்கிரிப்டில் 64-ஐக் கழித்துவிட்டு மீதியை ஸ்கிராட்ச் இயந்திரத்துக்குக் கொடுக்கிறார்கள். அங்கே 720 என்று ஒரு எண் பார்ப்பாய், ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பது. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஆக ஒரு சுற்றுக்கு 1.8 நொடி பாட்டு. 720-ஐ 360 ஆக்கினால் அதே திருப்பலுக்கு இரண்டு மடங்கு பாட்டு நகரும். ஸ்கிரிப்ட் ஃபைலைச் சேமித்த உடனே மிக்ஸ் தானே திரும்பப் படித்துக்கொள்ளும், மூடித் திறக்க வேண்டாம். மாற்றி மாற்றிப் பார். 500 பக்கத்தில் உனக்குப் பிடிக்கும் என்பது என் ஊகம்.

இப்போது நம்ம ஊர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். மற்றதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள், இதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சாப்ட்வேர்கள் எல்லாம் பாட்டு நாலு நாலாக நடக்கும், ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே வேகத்தில் நடக்கும் என்று நம்பிப் பிறந்தவை. ஹவுஸ், டெக்னோ எல்லாம் அப்படித்தான். நம்ம குத்துப் பாட்டில் பாதி திஸ்ரத்தில் இருக்கிறது. சாமி ஊர்வலத்து மேளத்தை நினைத்துக்கொள். தகிட தகிட என்று ஆறு எண்ணிக்கை, அதில் கால் இரண்டு தடவை விழும். அதே ஆறு எண்ணிக்கையைக் கம்ப்யூட்டர் தக தக தக என்று மூன்றாகப் பிரித்து எண்ணிவிடலாம். அதற்கு இரண்டும் ஒன்றுதான். ஆடுகிறவர்களுக்கு ஒன்றில்லை. கால் நிமிடத்துக்கு 100 தடவை விழும் பாட்டுக்குத் திரையில் 150 என்று காட்டும். அதை நம்பி நாலு பீட் லூப் போட்டாய் என்றால், ஒரு சுற்றும் அதன் மேல் மூன்றில் ஒரு பங்கும் பிடித்து, தகிடவுக்கு நடுவில் வெட்டும். ஆடுகிற கூட்டம் மொத்தமும் கால் இடறும். ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது, "டிஜே சரியில்லை" என்பது மட்டும் தெரியும்.

மருந்து இருக்கிறது. லைப்ரரியில் பாட்டின் மேல் ரைட் க்ளிக் பண்ணி பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்பது) மாற்று என்பதைத் திற. இரட்டிப்பு, பாதி என்பவற்றோடு 2/3, 3/4, 4/3, 3/2 என்றும் இருக்கும். 2/3 கொடு, 150 போய் 100 வரும். நாலு பீட் லூப் இப்போது இரண்டு முழுச் சுற்று, சுத்தமாக உட்காரும். ஆனால் கோடுகள் சரியான அடியில் விழாமல் ஒரு எண்ணிக்கை தள்ளி நிற்க வாய்ப்பு உண்டு. கால் விழும் இடத்தில் பாட்டை நிறுத்திவைத்து, பீட் கிரிட்டை இந்த இடத்துக்கு நகர்த்து என்ற கட்டளையைக் கொடு. இதை மவுஸில் தேடிக்கொண்டிருக்காமல் ஷிஃப்ட்டோடு ஏதாவது ஒரு பட்டனில் கட்டிவை. உன் தாளில் இது கண்டிப்பாக வந்திருக்கும். சரிபண்ணிய பாட்டுக்கு பிபிஎம்மைப் பூட்டிவிடு. அடுத்த முறை அலசல் ஓடினாலும் உன் வேலை அழியாது.

ஒவ்வொரு எண்ணிக்கையும் நிதானமாக விழும் மூன்று எண்ணிக்கை மெலடிகள் சில இருக்கின்றன, அவற்றுக்கு 2/3 வேலைக்கு ஆகாது. அங்கே லூப்பே மூன்றாகவோ ஆறாகவோ இருக்க வேண்டும். மேப்பிங்கில் பேட்கள் எல்லாம் ஒன்று, இரண்டு, நாலு, எட்டு என்றுதான் போகும். பீட் லூப் முறையில் நீ தொடவே தொடாத ஒரு பேடை எடு, 32 பீட் மாதிரி எதையாவது. அதை ஸ்கிரிப்டுக்கு மாற்றி, லூப் நீளத்தை 6 என்று வை, பிறகு லூப்பை இயக்கு என்று இரண்டு வரி எழுது. இந்த ஒரு பேடுக்காகவே நான் மிக்ஸை விடாமல் வைத்திருக்கிறேன் என்றால் நம்புவாயா?

எண்பதுகளின் பாட்டு வேறு கதை. ஸ்டுடியோவில் எல்லோரும் உட்கார்ந்து கையால் வாசித்துப் பதிந்தது. பல்லவியில் இருந்த வேகம் சரணத்தில் இருக்காது, அதுதான் அதன் அழகும். மிக்ஸின் பீட் கண்டறிதலில் வேகம் மாறாது என்று வைத்துக்கொள் என ஒரு டிக் இருக்கிறது. அது இருந்தால் முதல் நிமிடம் கோடுகள் சரியாக நிற்கும், அப்புறம் மெல்ல மெல்ல விலகிவிடும். ராஜா சார் பாட்டுகளைத் தனி கிரேட்டில் போட்டு, அந்த டிக்கை எடுத்துவிட்டு, அவற்றை மட்டும் திரும்ப அலசு. முடிந்ததும் டிக்கைத் திரும்பப் போடு. என்னைக் கேட்டால் அவற்றை பீட் மிக்ஸ் பண்ணவே வேண்டாம். சிங்க் போட்டால் மற்ற டெக்கில் இருக்கும் புதுப் பாட்டும் அதோடு சேர்ந்து தள்ளாடும். முந்தைய பாட்டை எக்கோவில் விட்டு இறக்கு, ஒரு மூச்சு விடு, முன்னிசையிலிருந்து முழுசாகப் போடு. கூட்டம் கத்தும் பார். பெரியப்பா டி.எம்.எஸ். கேட்டாலும் இதேதான்.

ரீப்ளே கெய்னை அணைத்துவிடாதே. பழைய பாட்டு சன்னமாகவும் இப்போதைய பாட்டு காது கிழியவும் பதிந்திருக்கும், அது இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவரும். நீ கெய்ன் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். கீ லாக்கையும் போட்டு வை, வேகத்தை மாற்றினாலும் சுருதி மாறாது. எஸ்.பி.பி. குரல் அரை சதவீதம் ஏறினால்கூட நம்ம அத்தைக்குத் தெரிந்துவிடும். லைப்ரரியின் தேடு பெட்டியில் பிபிஎம் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு 95-105 கொடுத்தால் அந்த வேகத்துப் பாட்டு மட்டும் வரும். 2/3 வேலையை முதலில் முடித்திருந்தால்தான் இது உண்மை பேசும்.

திரையில் தெரியும் ஸ்கின்னை மாற்றுவது, நிறம் மாற்றுவது எல்லாம் உன் இஷ்டம், அதில் எனக்குக் கருத்து இல்லை. எழுத்து பெரிதாகத் தெரிகிறதா என்பதை மட்டும் பார், மண்டபத்தில் லேப்டாப் கொஞ்சம் தள்ளி இருக்கும். எஃபெக்டுகளில் எக்கோ ஒன்று, ஃபில்டர் ஒன்று வைத்துக்கொள். மற்றதை மறைத்துவிடு. மேப்பிங்கில் ஆணி அடிப்பதை வாடகை வீட்டில் அடிப்பது போல யோசித்து அடி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதை ஒரு வாரம் வாசித்துப் பார்த்துவிட்டு அடுத்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கு முன்னும் ஃபைலைத் தேதி போட்டுக் காப்பி எடுத்து வை.

மீனா கல்யாண வரவேற்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. மண்டபத்து சவுண்ட் சர்வீஸ்காரரிடம் மிக்ஸரில் ஆர்சிஏ கொடுக்க முடியுமா, இல்லை மாற்றுப் பின் நீ கொண்டுவர வேண்டுமா என்று மாமாவை முன்கூட்டியே கேட்டுவைக்கச் சொல். உன் மேப்பிங் ஃபைல் இரண்டையும் எனக்கு அனுப்பு, அந்த ப்ளே ஃபங்ஷனை எழுதிய பிறகு. எழுதித் தரமாட்டேன், பார்த்துச் சொல்கிறேன். அம்மாவுக்கு என் அன்பு. அவருக்காகவாவது பயிற்சியெல்லாம் ஹெட்போனில் பண்ணு.

உன் அண்ணன்,
பிரபு

பி.கு. யூஎஸ்பி கேபிளை நேராக லேப்டாப்பில் செருகு. இடையில் மலிவு ஹப் வைத்தால் மின்சாரம் பத்தாமல் கன்ட்ரோலர் நடுப்பாட்டில் காணாமல் போகலாம். அப்படிப் போனால் மிக்ஸ் அதைத் தானாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று நம்பி நிற்காதே. ஸ்பேர் கேபிள் ஒன்று பையில் இருக்கட்டும்.